கம்பெனிப் பணம்: கண்மாய்க்கா, குறுங்காட்டுக்கா?

போன வருடம் பிப்ரவரியில் ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர், அதாவது லாபத்தில் சமூகப் பணிக்குச் செலவழிக்கும் பிரிவு ஆட்கள், எங்கள் கண்மாய்ச் சங்கத்தைத் தேடி வந்தார்கள். சிவகங்கைப் பக்கம் சின்ன ஊர் எங்களுடையது. அவர்கள் கையில் இரண்டு திட்டம் இருந்தது. மேற்கே கிடக்கும் புறம்போக்கில், கன்றுகளை நெருக்கி நட்டு வளர்க்கும் மியாவாக்கி முறையில் குறுங்காடு, இல்லையென்றால் கண்மாய் சீரமைப்பு. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம். நாங்கள் கண்மாயை எடுத்தோம். இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

காடு வேண்டாம் என்று யாருக்கும் எண்ணமில்லை. நிழல், பறவை, மண் காப்பு எல்லாம் தெரிந்ததுதான். ஆனால் கம்பெனிக்காரர்கள் போன பிறகு அதை யார் பார்த்துக்கொள்வது?

இதற்குப் பணம் வரும் வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவுப்படி, 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர லாபம் காட்டும் கம்பெனி, முந்தைய 3 வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். தொடர் திட்டம் என்று காட்டினால் ஆரம்பித்த வருடம் போக இன்னும் 3 வருடம் நீட்டலாம், அதற்கு மேல் கிடையாது. எங்களிடம் வந்தவர்கள் அந்தப் பேச்சுக்கே போகவில்லை, மார்ச் 31க்குள் வேலையை முடித்துக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

இந்த மார்ச் கெடுதான் எங்களுக்கு விஷயத்தைத் தெளிவாக்கியது. எங்கள் பக்கம் கன்று வைக்கிற காலம் புரட்டாசி, ஐப்பசி. மழையோடு வேர் பிடித்துக்கொள்ளும். மாசியில் வைத்த கன்று சித்திரை வெயிலில் நிற்க வேண்டுமென்றால் தினமும் தண்ணீர் வேண்டும். மியாவாக்கியில் ஒரு சதுர மீட்டருக்கு 3, 4 கன்று நெருக்கி வைப்பார்கள், முதல் 2, 3 வருடம் தண்ணீரும் களையெடுப்பும் நிற்கக் கூடாது. டேங்கர் வாடகை, ஆள் கூலி, ஆடு புகாமல் வேலி, இதில் எதற்கும் அவர்கள் திட்டத்தில் பணம் இல்லை. கண்மாய் வேலைக்கோ அதே மாசி, பங்குனிதான் தோது. தண்ணீர் வற்றி, ஜேசிபி இறங்குகிற மாதிரி தரை காய்ந்திருக்கும்.

சீரமைப்பு என்றதும் கம்பெனிக்காரர்கள் தூர்வாரலைத்தான் நினைக்கிறார்கள், இத்தனை கன மீட்டர் மண் எடுத்தோம் என்று அறிக்கையில் எழுத வசதி. மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடும் எங்கள் நீர்பாய்ச்சிப் பெரியவர் அவர்கள் முன்னாலேயே என்னைப் பார்த்து, "தம்பி, உள்ள எத்தனை அடி தோண்டுனாலும் சரி, தண்ணி வர்ற கால் அடைஞ்சு கெடக்கே, அதுக்கு என்ன பண்ணப் போறீக?" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது. மாடு குடிக்கும், கிணறு ஊறும், அவ்வளவுதான். வண்டல் அள்ள விவசாயிகளுக்கு அரசே இலவசமாக அனுமதி தருகிறது, அதற்கு எதற்குக் கம்பெனிப் பணம்? அதனால் தண்ணீர் வரும் வரத்துக்கால், மடை, நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கு என்று மூன்றுக்கும் பிரித்துக் கேட்டோம். வரத்துக்காலில் ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவேலம். வெட்டினால் துளிர்த்துவிடும் என்பதால் வேரோடு பிடுங்கச் சொன்னோம். மடைப் பலகையைத் தூக்கும் திருகுக் கம்பி துருவேறி, இரண்டு பேர் தொங்கினாலும் அசையாது. அதை மாற்ற ஆன செலவு, கேட்ட மொத்தத் தொகையில் ஒரு துளி. போன கார்த்திகையில் ஒரே ஆள் திறந்தார்.

பராமரிப்பில் கண்மாய்க்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. அதற்குப் பரம்பரையாக ஆள் உண்டு. நீர்பாய்ச்சிக்கு அறுவடையில் நெல் அளக்கிறோம், மீன் ஏலப் பணம் சங்கத்துக்கு வருகிறது, தண்ணீர் குறைந்தால் ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது கண்மாய்ப் பாசன வயல்காரர்கள், அத்தனை பேரும் கரையில் வந்து நிற்பார்கள். புறம்போக்குக் காட்டுக்கு அப்படி வந்து நிற்க எங்கள் ஊரில் யாரும் இல்லை.

கண்மாயிலும் சிக்கல் உண்டு. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம், எதுவானாலும் அனுமதிக்கு அலைய வேண்டும். எங்களுக்கு 5 வாரம் போனது, மார்ச் கெடுவுக்கு மூச்சு முட்டிவிட்டது. காட்டுத் திட்டத்தில் இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நான் சொல்வதெல்லாம் வானம் பார்த்த சீமைக் கதை. நீலகிரியில் உண்ணிச்செடியையும் சீகை மரத்தையும் எடுத்துவிட்டுச் சோலைக்காட்டை மீட்கிற வேலை வேறு வகை. அங்கே காடுதான் ஆற்றுக்கே தலைமடை, அதற்கு என் அனுபவத்தை அளவுகோலாக வைக்க முடியாது. எங்களைப் போன்ற ஊரில் காட்டைத்தான் எடுப்பது என்று முடிவு செய்தால், தொடர் திட்டமாக 3 வருடத் தண்ணீர்ச் செலவையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். நடவைப் புரட்டாசிக்குத் தள்ளிப் போடுங்கள்.

இந்த ஆனியில் வரத்துக்காலில் அங்கங்கே மறுபடி சீமைக்கருவேலம் தலைகாட்டியது. சங்கத்து ஆட்கள் 2 நாள் இறங்கி எடுத்தோம். ஜேசிபி வாடகை மீன் ஏலப் பணத்தில் போனது.