பழைய படங்களுக்கு லெமினேட்டா, உறையா, அல்பமா? மட்டக்களப்புக் காற்றுக்கு எது தாங்கும்

லெமினேட் செய்துவிட்டால் படம் அழியாது என்ற நம்பிக்கை எங்கள் பக்கத்தில் வலுப்பெற்றதற்கு அடையாள அட்டையும் ஒரு காரணம். சோதனைச் சாவடிகளின் காலத்தில் வியர்வையிலும் மழையிலும் சட்டைப் பையிலேயே கிடந்த அந்தப் பழைய அட்டை, பிளாஸ்டிக்குக்குள் இருந்ததால் தாக்குப்பிடித்தது. அதைக் கண்டவர்கள் பிறப்புச் சான்றிதழையும் பரீட்சைப் பெறுபேற்றையும் கடைசியில் அம்மப்பாவின் ஒரே படத்தையும் அதே இயந்திரத்துக்குள் விட்டார்கள். இப்போது சிறிய லெமினேட் இயந்திரம் வீட்டு மேசைக்கே வந்துவிட்டது. ஆகவே இந்த அலசல்.

என் முடிவு இதுதான்: பிரதியை லெமினேட் செய்யுங்கள், மூலப்படத்தைத் தொடாதீர்கள். 1978 நவம்பர் சூறாவளி, 2004 டிசம்பர் ஆழிப்பேரலை, 2011 ஜனவரி வெள்ளம், இவற்றுக்கிடையே எத்தனையோ இடப்பெயர்வுகள். கல்லடியிலும் நாவலடியிலும் கல்முனையிலும் திருக்கோவிலிலும் ஒரு தலைமுறைக்கே ஒரேயொரு படம் மிஞ்சிய குடும்பங்கள் இருக்கின்றன. அந்த ஒரு படத்தைத்தான் ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று முதலில் லெமினேட் செய்யத் தோன்றும். செய்யவே கூடாத படமும் அதுதான்.

சூட்டில் ஒட்டும் லெமினேட்

உறையின் வெளிப்பக்கம் பொலியெஸ்டர். உட்பக்கம் சூட்டில் உருகும் பசை. இயந்திரம் ஏறத்தாழ 100 முதல் 130 பாகை செல்சியஸ் வரை சூடாகி அந்தப் பசையை உருக்கிப் படத்தோடு இறுக்குகிறது. சில நொடி வேலை; பளபளப்பும் நன்றாக இருக்கும். விரல் அடையாளம், கறை, பிள்ளைகளின் கை, ஒரு தூறல் மழை எல்லாவற்றையும் தாங்கும். இதை மறுப்பதற்கில்லை.

பழுது உள்ளே நடக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தாங்கி நிற்பது ஜெலட்டின் என்ற மெல்லிய படலம். 1970களுக்குப் பிந்திய வண்ணப் படங்களில் பெரும்பாலானவை பொலித்தீன் பூசிய தாளில் அச்சானவை. இரண்டுக்குமே இந்தச் சூடு நல்லதல்ல. போலராய்ட் போன்ற உடனடிப் படங்களை இயந்திரத்தில் விட்டால் அவற்றின் உள்ளே இருக்கும் இரசாயன அடுக்குகளே குலைந்துவிடும். இன்க்ஜெட் அச்சில் மை முழுதாகக் காயாதிருந்தால் பசை சரியாகப் பிடிக்காது. ஓரத்திலிருந்து கொப்புளம் எழும்.

இதைவிடப் பெரிய குறை, திரும்பி வர வழியில்லாததுதான். உருகிய பசை படத்தின் மேற்பரப்போடு சேர்ந்துவிடுகிறது. பிரிக்கப் போனால் முகமே பிளாஸ்டிக்கோடு கிளம்பி வரும். காலம் போகப் போகப் பசை மஞ்சளாகலாம், அமில ஆவியும் விடலாம். உலகின் பெரிய ஆவணக் காப்பகங்கள் மூலப் பொருட்களுக்கு லெமினேட்டைக் கைவிட்டதன் காரணமும் இதுதான். பழைய வண்ணப் படங்கள் சிவந்து மங்குவதை லெமினேட் தடுக்கும் என்று நினைப்பதும் வீண். அந்தச் சாயங்கள் இருட்டுப் பெட்டிக்குள் இருந்தாலும் தாமாகவே மங்குபவை. வெளியிலிருந்து போர்த்தும் பிளாஸ்டிக் அங்கே என்ன செய்ய முடியும்?

இந்த ஊருக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. வாடைக் காற்று வீசும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை தாள் ஈரத்தை உறிஞ்சியபடியே இருக்கும். அந்த நாட்களில் லெமினேட் செய்தால் ஈரத்தையும் சேர்த்துத்தான் அடைக்கிறோம். பிரதியை லெமினேட் செய்வதானாலும் கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களின் உலர்ந்த மத்தியானம் பாருங்கள். சுற்றிவர மூன்று மில்லிமீற்றர் ஓரம் விடுங்கள். அழகுக்காகப் படத்தின் விளிம்போடு வெட்டினால் அடைப்புத் திறந்து தண்ணீருக்கு வாசல் வைத்ததாகிவிடும். இயந்திரம் இல்லையென்று ஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்ப்பவர்களும் உண்டு. சூடு ஒரே சீராக விழாது. பிரதிக்குக்கூட நான் அதைச் சொல்ல மாட்டேன்.

சூடில்லாத ஒட்டுத்தாள்

பின்தாளை உரித்துப் படத்தின்மேல் ஒட்டும் வகை இது. சூடு இல்லை என்பதால் இதைப் பாதுகாப்பானது என்று பலர் எண்ணுகிறார்கள். பசை பசைதான். மலிவான சுருள்கள் பல பிவிசி என்ற பிளாஸ்டிக். சில வருடத்தில் விளிம்பில் பசை கசிந்து தூசி பிடித்துக் கறுக்கும். பாடசாலைக் கண்காட்சிக்குச் சரி.

ஒட்டும் பக்க அல்பம்

திருமண வீடு, சாமத்தியச் சடங்கு என்று எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எடுத்த படங்கள் பெரும்பாலும் இதற்குள்தான் இருக்கின்றன. பசைக் கோடுகள் போட்ட அட்டை, மேலே ஒரு பிளாஸ்டிக் தாள். அட்டையிலும் பசையிலும் அமிலம். பிளாஸ்டிக் பெரும்பாலும் பிவிசி. என் கணிப்பில் மூலப்படத்துக்குச் சூட்டு லெமினேட்டுக்கு அடுத்த எதிரி இது. ஆனால் இதிலிருந்து பெரும்பாலும் மீட்க முடியும். நகத்தால் கிள்ளிப் பிய்க்காமல், பல் இடுக்குச் சுத்தம் செய்யும் மெழுகற்ற நூலையோ மீன்பிடிக்கும் மெல்லிய நைலோன் நூலான தங்கூசியையோ படத்தின் பின்னால் விட்டு, இரு கையாலும் பிடித்து மெதுவாக அறுத்தபடி நகர்த்துங்கள். தங்கூசிக்கு எங்கள் கரையில் பஞ்சமில்லை. அசையவே மறுக்கும் படத்தை வற்புறுத்தாமல், பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்துவிட்டு விடுங்கள்.

கண்ணாடிச் சட்டம்

சுவரில் மாட்டுவதற்குப் பிரதியே போதும். ஈரக் காற்றில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு கண்ணாடியை எடுத்தால் படமும் போகும். மூலத்தைத்தான் மாட்ட வேண்டும் என்று அம்மம்மா பிடிவாதமாக நின்றால், படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே சன்னல் வெட்டிய அட்டை ஒன்றை வையுங்கள். மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரும் வெயில் விழும் இடமும் வேண்டாம்.

உறையும் பெட்டியும்

நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான், பார்வைக்குப் பகட்டில்லாவிட்டாலும். படத்தை எதிலும் ஒட்டாமல் தளர்வாக ஓர் உறையில் வைப்பதுதான் முழு வித்தை. எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுக்கலாம்.

பிளாஸ்டிக் உறையா, தாள் உறையா? பொலியெஸ்டர், பொலிப்புரொப்பிலீன் இரண்டும் படத்துக்குத் தீங்கு செய்யாதவை, பிவிசி செய்யும். உறையில் முக்கோணக் குறிக்குள் இலக்கம் இருந்தால் 1, 5 நல்லவை, 3 பிவிசி. இலக்கம் இல்லாவிட்டால் முகர்ந்து பாருங்கள். புதுக் குளியலறைத் திரைபோல மணத்தால் கடையிலேயே விட்டுவிடுங்கள். அடிக்கடி கைமாறும் படங்களுக்குப் பிளாஸ்டிக் உறை வசதி. ஆனால் திறந்த அலுமாரியில் பிளாஸ்டிக்குள் கிடக்கும் படம் வாடைக் காலத்தில் உறையோடு ஒட்டக்கூடும். அமிலமற்ற தாள் உறை ஈரத்தை வெளியே விடும். குளிரூட்டி இல்லாத எங்கள் வீடுகளுக்குத் தாள் உறையே பொருத்தம் என்பேன்.

உறைகளை இறுக்கமான மூடியுள்ள ஒரு பெட்டியில் அடுக்கி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளைப் போடுங்கள். நிறம் மாறும் வகையாக இருந்தால் எப்போது உலர்த்த வேண்டும் என்று அதுவே காட்டும். சார்பு ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். மழைக்காலத்தில் எங்கள் அறைகள் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். சிலிக்கா ஜெல்லுக்குப் பதிலாக அரிசி போடுவோர் வண்டுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் விருந்து வைக்கிறார்கள். பூச்சி உருண்டையும் வேண்டாம். பெட்டி தரையில் இருக்கக் கூடாது. வெள்ளம் எந்த வழியால் வரும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தண்ணீர் வந்தால்?

லெமினேட்டுக்காக வாதாடுபவர்களின் கடைசி அம்பு இதுதான். ஆனால் நனைந்த சாதாரணப் படமும் மீளக்கூடும். 2011 மார்ச்சில் ஜப்பானில் ஆழிப்பேரலை அடித்த பிறகு, சேற்றிலிருந்து எடுத்த ஏராளமான படங்களைத் தொண்டர்கள் கழுவி மீட்டார்கள். புஜிபிலிம் நிறுவனமும் அந்த வேலையில் துணைநின்றது. சாதாரணப் படம் நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்வதற்கு முன், குளிர்ந்த சுத்தமான நீரில் மெதுவாக அலசி, முகம் மேலே பார்க்க நிழலில் உலர்த்தலாம். உடனே முடியாவிட்டால் பொலித்தீன் பையில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைகுளிர் அறையில் வைத்து நாள் கடத்தலாம். லெமினேட் செய்த படத்தில் ஓர் ஓரம் திறந்து நீர் புகுந்துவிட்டால் அலசவும் முடியாது, உலர்த்தவும் முடியாது.

ஸ்கேன் செய்வதை நான் இவற்றுக்குப் போட்டியாக வைக்கவில்லை. எந்த வழியை எடுத்தாலும் முதலில் செய்ய வேண்டியது அது. சிறிய பழைய படங்களுக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வையுங்கள். ஒரு பிரதி வீட்டில், இன்னொன்று வேறு ஊரில் உள்ள உறவினரிடம். கரையோரம் இருப்பவர்கள் அந்த இரண்டாவது பிரதியை அடுத்த தெருவில் கொடுத்து வைக்காதீர்கள். பதுளையோ கொழும்போ ரொறன்ரோவோ, கடல் ஒரே நாளில் இரண்டையும் எடுக்க முடியாத இடமாக இருக்கட்டும்.

ஏற்கெனவே லெமினேட் செய்து வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். பிரிக்க முயலாதீர்கள், மறுபடி சூடு காட்டி ‘சரிசெய்ய’வும் வேண்டாம். பளபளப்பு எதிரொளிக்காமல் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம்பிடித்தோ ஸ்கேன் செய்தோ இப்போதே பிரதி எடுங்கள். பிறகு அதையும் மற்றவற்றோடு அந்தப் பெட்டியிலேயே, வெயில் படாமல் வையுங்கள்.