அம்மாப்பேட்டை மாலைநேர டியூஷன்: ஒரு பெற்றோரின் மதிப்புரை

சேலம் அம்மாப்பேட்டையில், பெயர்ப்பலகைகூட இல்லாமல் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் டியூஷனில் என் மகள் எட்டாம் வகுப்புப் பாடங்களைப் படித்து வருகிறாள். இடம் சிறியது, காற்றோட்டமும் போதாது. ஆனாலும் அங்கு யாரோடு யார் சேர்ந்து படிக்கிறார்கள் என்பதற்காகவே அந்த வகுப்பை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

வீட்டில் சௌராஷ்டிரமும் தெலுங்கும் கன்னடமும் பேசும் நெசவாளர் பிள்ளைகள், வெள்ளிக் கொலுசுப் பட்டறைத் தொழிலாளர்களின் பிள்ளைகள், பீகாரிலிருந்து பிழைக்க வந்தோரின் பிள்ளைகள், விடுதியில் தங்கிப் படிக்கும் சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பாயில் அமர்கிறார்கள். ஆசிரியை அதோடு நிறுத்திக்கொள்வதில்லை. பாடத்தைப் பகுதிகளாகப் பிரித்து, குழுவில் ஆளுக்கொரு பகுதியைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லித்தரச் செய்கிறார். ஒரு பிள்ளை சொல்வதை அலட்சியம் செய்தால் அந்தப் பகுதி மற்றவர்களுக்குக் கிடைக்காது. 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், இனவாரியாகப் பிரிந்திருந்த பிள்ளைகள் ஒரே வகுப்புக்கு வந்து மோதிக்கொண்டபோது, எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் வகுத்த முறை இது.

வரைபடத்தாளில் புள்ளி குறிக்கும் கணக்கு என் மகளுக்குப் பிடிபடாமலே இருந்தது. தறிக்காரர் மகன் ஒருவன் ஜக்கார்டு (தறியில் பூவேலை நெய்ய உதவும் கருவி) டிசைன் தாளைக் கொண்டுவந்து, ஒவ்வொரு கட்டமும் பாவு என்ற நெடுக்கு நூலும் ஊடை என்ற குறுக்கு நூலும் சந்திக்கும் இடம் என்றும், அதைப் பார்த்தே அந்தக் கருவிக்கான அட்டையில் துளையிடுகிறார்கள் என்றும் விளக்கியபின் அவளுக்குத் தெளிவு வந்தது. காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களை ஏன் விட்டுவைக்கிறார்கள், அவற்றில் மிளகுக்கொடி எப்படி ஏறுகிறது என்பதை மலையிலிருந்து வந்த மாணவி சொன்னபோது, மற்றவர்கள் அவளைக் கேள்வி மேல் கேள்வி கேட்டார்களாம்.

இப்படிக் கலந்தால் படிப்பு கெடும் என்று அஞ்சும் பெற்றோருக்கு ஒரு தகவல். தில்லியின் தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கியதன் விளைவை ஆராய்ந்து, பொருளியலாளர் கௌதம் ராவ் 2019-இல் கட்டுரை வெளியிட்டார். ஏழைத் தோழர்களோடு படித்த வசதியான பிள்ளைகளிடம் தாராள குணம் கூடியிருந்தது, பாகுபாடு பார்ப்பது குறைந்திருந்தது. கணக்கிலும் இந்தியிலும் மதிப்பெண் பாதிக்கப்படவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் சிறிது குறைந்தது.

பெருங்குறை ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணைப் பார்த்து இரண்டு பிரிவாகப் பிரித்துவிடுகிறார்கள். பின்தங்கிய பிரிவில் பெரும்பாலும் விடுதிப் பிள்ளைகளும் வடமாநிலப் பிள்ளைகளுமே இருக்கிறார்கள். பெற்றோர் வற்புறுத்துவதாக ஆசிரியை சொல்கிறார். அந்த வற்புறுத்தலுக்கு அவர் இணங்கக் கூடாது என்று நேரிலும் சொன்னேன். எட்டாம் வகுப்புவரை தயங்காமல் சேர்க்கலாம். பத்தாம் வகுப்புக்குச் சேர்ப்பவர்கள் இந்தப் பிரிவினையைப் பற்றி முதலிலேயே கேளுங்கள்.