‘அந்த நாள்’, ‘வெர்டிகோ’: இருவேறு வரவேற்புகள்

காரைக்குடியில் படப்பிடிப்புத் தளம் நடத்திப் பின்னர் சென்னைக்குப் பெயர்ந்த எங்கள் ஊர் ஏ.வி. மெய்யப்பன் தயாரித்து, எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954), பாட்டும் நடனமும் இல்லாமல் வந்து வசூலில் தோற்றாலும், விமர்சகர்களின் பாராட்டையும் தேசிய விருதில் தகுதிச் சான்றிதழையும் பெற்றது. ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’வுக்கு (1958) விமர்சகர்களே தயங்கினர், கதை நீள்கிறது, நம்பும்படி இல்லை என்றனர். 1982இல்தான் அது ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் திரைப்பட இதழ் நடத்தும் சிறந்த படங்களுக்கான வாக்கெடுப்பின் முதல் பத்தில் நுழைந்து, 2012இல் முதலிடம் பிடித்தது.

‘வெர்டிகோ’வில் பச்சை நியான் வெளிச்சத்தில், இறந்தவளின் கோலத்தில் நாயகி ஜூடி நடந்து வரும் காட்சி மறக்க முடியாதது. ஆயினும், அப்பச்சியோடு வளவில் அமர்ந்து பார்த்த ‘அந்த நாள்’தான் எனக்கு மேல்: தொடக்கத்திலேயே சிவாஜி குண்டடிபட்டுச் சரிகிறார், பிறகு சொல்பவருக்கேற்ப அவர் குணமே மாறித் தெரிகிறது. அத்தகைய படத்தை அன்றைய ரசிகர்கள் கைவிட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.