உப்புத்தாள் போடச் சொன்னான், போட்டேன், மூன்று மாதச் சேமிப்பு போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரிக் கிட்டாருக்குக் குறைந்த செலவில் மாற்று நெக் (விரல் வைத்துத் தந்தியை அழுத்துகிற நீளக் கழுத்து) தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் நான் ஏமாந்த கதை.

என்னுடையது ஸ்ட்ராட் (ஃபென்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர்) வடிவத்தில் வந்த மலிவுக் கிட்டார். பாடியில் குறையில்லை, பிக்கப்பும் பரவாயில்லை. நெக் மட்டும் முறுக்கிக்கொண்டது. முன்னால் வளைந்திருந்தால் ட்ரஸ் ராடை, அதாவது நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியை, திருகி நேராக்கலாம். இது முறுக்கு. தடித்த தந்திப் பக்கம் ஒரு வளைவு, மெல்லிய தந்திப் பக்கம் வேறொரு வளைவு. ட்ரஸ் ராடால் இதற்கு ஆகப்போவது எதுவும் இல்லை. நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் நெக் கையோடு வந்துவிடும் வகைதான் என்பதால், வேறு நெக் போட்டுக்கொள்ளலாம் என்று மூன்று மாதம் காசு சேர்த்தேன். கிட்டாரை வாங்கின விலையில் பாதிக்கு மேல் வந்தது அது. எனக்குப் பெரிய தொகை.

பலரும் தங்கள் பொருளைப் போட்டு விற்கிற ஒரு இணையச் சந்தை. அதில் உதிரி பாகம் மட்டும் விற்கிற ஒரு ஆள். நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று கேள்வி கேட்டேன். ஸ்கேல், அதாவது நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தியின் நீளம், 648 மி.மீ. தானா? பாடிக்குள் உட்காரும் ஹீல் பகுதி 56 மி.மீ. அகலமா? ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் வேலை செய்யுமா?

“எல்லாம் கரெக்டா இருக்கும் ப்ரோ, ஒரு நிமிஷம் இருங்க” என்றான். ஐந்தே நிமிடத்தில் ஒரு போட்டோ வந்தது. ஹீலின் மேல் டிஜிட்டல் காலிப்பர் (நுணுக்கமாக அளக்கும் கருவி), திரையில் 56.0. “உங்களுக்குன்னே இப்பத்தான் அளந்தேன்.” நான் விழுந்த இடம் இதுதான். காலிப்பர் வைத்து அளந்து காட்டுகிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? அடுத்ததாக, “சைட்ல போட்டா கமிஷன் போகுது. நேரா அனுப்புங்க, உங்களுக்குக் குறைச்சுத் தரேன்” என்றான். அனுப்பினேன். மூன்று மாதச் சேமிப்பு, ஒரே தட்டில்.

நெக் வந்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது, வெளிர் மேப்பிள் மரம், ஃப்ரெட் (குறுக்கே பதித்த உலோகக் கம்பி) எல்லாம் பளபளவென்று. பாடியில் வைத்தால் இறங்கவில்லை. அளந்தேன்: 57.4. ஒன்றரை மி.மீ. கூட இல்லையே என்று தோன்றும். நெக் உட்காரும் பாடிக் குழியான பாக்கெட்டில் அது ஒரு மைல். தட்டி இறக்கப் பார்த்தால் பாடியின் பெயின்ட்தான் வெடிக்கும்.

கேட்டேன். “மரம்னா கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும் ப்ரோ. 80 நம்பர் உப்புத்தாள் எடுத்து ரெண்டு பக்கமும் லேசா தேய்ங்க, பத்து நிமிஷ வேலை.” பத்து நிமிடமா! ஒரு மாலை முழுக்கத் தேய்த்தேன். ஒரு பக்கம் அதிகமாகப் போனால் தந்திகள் நெக்கின் ஓரத்துக்குப் போய்விடும் என்பதால், இரண்டு தேய்ப்புக்கு ஒரு தடவை அளந்து அளந்து. மூக்கெல்லாம் மரத்தூள். ஒரு வழியாக உட்கார்ந்தது. துளை போட்டு, ஸ்க்ரூ முடுக்கி, தந்தி மாட்டி, சுருதி சேர்த்தேன்.

சேர்க்கச் சேர்க்க நெக் முன்னால் வளைகிறது. 10-46 தடிமன் தந்திக் கட்டு சாதாரணச் சுருதியில் சுமார் 45 கிலோ அளவுக்கு இழுக்கும், அதை எதிர்த்து நிற்கத்தான் உள்ளே ட்ரஸ் ராட். ஆலன் சாவியைப் போட்டுத் திருகினேன். சுற்றியது. இன்னும் சுற்றியது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எங்குமே பிடிப்பு இல்லை, காலி டப்பா மூடியைத் திருகுவது மாதிரி. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால், ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் தந்திக்குக் கீழே 0.2, 0.3 மி.மீ. இடைவெளி இருந்தால் போதும். எனக்கோ தந்தி மீட்டுகிற பிக், ஒரு மி.மீ. கனமானது, அப்படியே நுழைந்து போனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வயிற்றெரிச்சல். வீடியோ எடுத்து அனுப்பினேன். “டெக்னிக்கல் ஆள் பாக்குறாரு ப்ரோ.” மறுநாள், “வெளியூர்ல இருக்கேன்.” நான்காம் நாள், “இன்னும் கொஞ்சம் டைட் பண்ணிப் பாருங்க.” பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ஆளே மாறிவிட்டான், ப்ரோ போய் சார் வந்தது: “சார், நீங்க பொருளைத் தேய்ச்சு, ஓட்டையும் போட்டிருக்கீங்க. தேய்ச்ச பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது.” தேய்க்கச் சொன்னதே நீதானே அய்யா! அந்தச் செய்தியையே எடுத்து அவனுக்குத் திருப்பி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

சந்தைக்காரர்களிடம் புகார் போட்டேன். எங்கள் தளம் வழியாகப் பணம் செலுத்தாததால் தலையிட முடியாது என்று இரண்டு வரி. அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக மூன்று மாதச் சேமிப்பா?

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் அந்தக் காலிப்பர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் இருக்கிற ஹீலில் பழுப்பு நிறத்தில் ஒரு ரேகை ஓரத்திலிருந்து குறுக்கே ஓடுகிறது. என்னிடம் இருப்பதில் அப்படி ஒரு ரேகையே கிடையாது. “எனக்குன்னே” அளந்தது வேறு எதையோ. வேறொரு நம்பரிலிருந்து கேட்டதற்கு வந்த பதில்: “அது சும்மா மாடல் போட்டோ ப்ரோ.”

சரி, சொல்கிறேன் என்றேனே. நீளமாக எழுதத் தெம்பில்லை. நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் தந்தி உட்காரும் பள்ளமிட்ட துண்டு) 12ஆவது ஃப்ரெட் வரை 324 மி.மீ. வருகிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். 314 பக்கம் வந்தால் அது குட்டை ஸ்கேல், பாடியில் தந்தி முடிகிற உங்கள் பிரிட்ஜோடு சுருதி சேராது. ஹீலின் அடி வளைவா, தட்டையா பாருங்கள். டெலி (டெலிகாஸ்டர் என்ற வேறு மாடல்) நெக்கின் ஹீல் தட்டையாக இருக்கும், ஸ்ட்ராட் பாக்கெட்டில் ஒழுங்காக உட்காராது. ட்யூனர் (தந்தி முறுக்கும் சாவி) துளை 10 மி.மீ.யா, பழைய மாடலுக்கான சின்னத் துளையா என்று கேளுங்கள். ஸ்க்ரூ துளை போடாத நெக்காக வாங்குங்கள். எந்தப் போட்டோவாக இருந்தாலும் அதில் உங்கள் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். வந்ததும் முதல் வேலை ட்ரஸ் ராடைத் திருகிப் பார்ப்பது. அதற்கு முன்னால் உப்புத்தாளைத் தொடாதீர்கள். பணத்தை வெளியே அனுப்பாதீர்கள்.

இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அதே ரேகை, அதே 56.0, கீழே “கடைசி இரண்டு மட்டுமே” என்று இன்னும் போட்டிருக்கிறான்.