பினாங்கில் அம்மாவுக்குக் கண்புரை சிகிச்சை: லென்ஸ் தேர்வே பாதி வைத்தியம்

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நாம், பெற்றோரின் மருத்துவ வேலைகளையும் அந்தச் சில வாரங்களுக்குள் முடித்துவிடப் பார்க்கிறோம். இம்முறை மெல்போர்னிலிருந்து பினாங்கு போன எனக்கு அம்மாவின் கண்புரைதான் முதல் வேலை. அறுவை சிகிச்சை சுலபமாக முடிந்தது. புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டு எந்தச் செயற்கை லென்ஸை வைப்பது என்ற கேள்விதான் எங்களை அலைக்கழித்தது. ஹெரால்ட் ரிட்லி 1949இல் லண்டனில் முதல் செயற்கை லென்ஸைப் பொருத்திய காலத்தில் வகை பார்த்து எடுக்க வழியே இல்லை. இன்று வகைகள் ஏராளம். விளக்கிச் சொல்பவர்கள்தான் குறைவு.

முதலில் போன தனியார் மருத்துவமனையில் கண்ணை அளப்பதற்கு முன்பே விலைப்பட்டியலை நீட்டினார்கள். "பிரீமியம் லென்ஸ் வைத்தால் கண்ணாடியே தேவைப்படாது, அம்மா" என்றார் முகப்பில் இருந்த பெண். அம்மா நாள் முழுவதும் என்ன செய்கிறார், சர்க்கரை எந்த அளவில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. பல ஆயிரம் ரிங்கிட் செலவழிக்க நான் தயார்தான். ஆனால் யாருடைய கண் என்றே பாராமல் லென்ஸை விற்பது என்ன நியாயம்?

பட்டர்வொர்த்தில் இருக்கும் சித்தப்பா ஏற்கெனவே மல்டிஃபோக்கல் லென்ஸ் வைத்துக்கொண்டவர். கண்ணாடி இல்லாமல் பத்திரிகை வாசிக்கிறார், கைப்பேசி பார்க்கிறார். அதில் அவருக்கு முழுத் திருப்தி. இரவில் பினாங்குப் பாலத்தில் கார் ஓட்டும்போதுதான் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒளி வளையம் தெரிகிறதாம். அந்த லென்ஸ், உள்ளே வரும் வெளிச்சத்தைத் தூரத்துக்கும் அருகுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. அதனால் ஒன்றைப் பார்க்கும்போது மற்றதன் கலங்கலான பிம்பமும் கூடவே விழுகிறது. மங்கிய வெளிச்சத்தில் தெளிவும் சற்றுக் குறைகிறது. மாதங்கள் போகப் போகப் பலருக்குப் பழகிவிடுகிறது, சிலருக்குப் பழகுவதில்லை. இரவில் வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு இதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

ஜோர்ஜ்டவுனில் இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் தமிழிலேயே பேசினார். விழித்திரையைச் சோதித்தார், நீரிழிவால் அதன் நடுப்பகுதி கெட்டிருந்தால் மல்டிஃபோக்கல் ஏற்றதல்ல என்றார். நம் வீடுகளில் சர்க்கரை நோய் எவ்வளவு சாதாரணம் என்பதை எண்ணினால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. பிறகு கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்தார்கள். பொதுவாகக் கண்ணின் நீளம் 23, 24 மில்லிமீட்டர்தான். அதை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் லென்ஸின் பவர் ஏறக்குறைய 3 டயாப்டர் (பவரின் அலகு) பிசகிவிடும். கருவிழி சீராக வளைந்திராதவர்களுக்கு டோரிக் லென்ஸ் உண்டு. அதுவும் கண்ணுக்குள் 30 டிகிரி திரும்பிவிட்டால் அந்தப் பிழையைத் திருத்தும் பயனே போய்விடும்.

அதன் பின்னர்தான் அவர் அம்மாவைக் கேட்டார்: "காலையில் எழுந்ததும் என்னென்ன செய்வீர்கள்?" சாமிக்குப் பூக்கட்டுவது, பத்திரிகை வாசிப்பது, தையல். அம்மாவுக்குச் சிறுவயதிலிருந்தே கிட்டப்பார்வை; கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஊசியில் நூல் கோப்பவர். வழக்கம்போல் தூரப் பார்வைக்கு லென்ஸ் வைத்தால் அந்த வசதி ஒரே நாளில் பறிபோயிருக்கும். அதனால் 40 சென்டிமீட்டரில் தெளிவு இருக்கும்படி ஒரே தூரத்துக்கு மட்டும் தெளிவு தரும் சாதாரண மோனோஃபோக்கல் லென்ஸையே தேர்ந்தெடுத்தோம். தெருவுக்கும் தொலைக்காட்சிக்கும் கண்ணாடி போட்டுக்கொள்கிறார். விலைப்பட்டியலில் கடைசியில் இருந்த லென்ஸ் அது. அம்மாவுக்கு அதைவிடப் பொருத்தமானது வேறு இருந்திருக்காது.

கட்டு அவிழ்த்த பிறகு, பழுப்பு என்று நினைத்திருந்த என் சட்டை வெள்ளை என்று அம்மா கண்டுபிடித்தார். முதுமையில் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிவிடுவதால் நிறங்கள் அப்படி மாறித் தெரிந்திருக்கின்றன.

மற்றக் கண்ணுக்கு அவசரப்படவில்லை. முதல் கண்ணின் பார்வை நிலைத்த பிறகு, அதன் முடிவைப் பார்த்து அடுத்த லென்ஸின் பவரை முடிவு செய்யலாம் என்றார் மருத்துவர். என் விடுமுறைக்குள் அது அடங்காது. தங்கை அழைத்துப் போவாள். லென்ஸின் வகையும் பவரும் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி அவளிடம் கொடுத்திருக்கிறேன். பின்னாளில் பார்வை மறுபடி மங்கினால் புரை திரும்பிவிட்டதாகப் பயப்பட வேண்டாம், லென்ஸைத் தாங்கும் பையின் பின்புறம் கலங்கியிருக்கலாம், சில நிமிட லேசர் சிகிச்சையில் அது சரியாகிவிடும் என்பதையும் அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.