நடவுப் பாட்டுக்கு எந்த ஜாஸ் பொருந்தும்?

நாட்டுப்பாட்டை ஜாஸ் ஆக்குவதில் எனக்குப் பிடித்த வழிகள் இரண்டு. ஸ்வீடனின் பியானோ கலைஞர் யான் யோஹான்சன் 1964-இல் வெளியிட்ட 'யாஸ் போ ஸ்வென்ஸ்கா' ஆல்பம் ஒன்று. பியானோவும், டபுள் பேஸ் என்ற பெரிய கீழ்ச்சுருதித் தந்திக் கருவியும் மட்டும்தான். ஊர் மெட்டைக் கலைக்காமல், பாடுவது போலவே வாசித்துவிட்டு, அடியில் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை) மெல்ல நகர்த்துவார். சத்தமே அதிகம் இல்லை.

மற்றது அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1961-இல் பதிவு செய்த 'ஓலே'. 'எல் விட்டோ' என்ற ஸ்பானிய நாட்டுப்பாட்டிலிருந்து பிறந்தது. 18 நிமிடம் ஓடும். இரண்டு பேஸ்கள் ஒரே இடத்தில் நின்று உருட்ட, மேலே சோப்ரானோ சாக்ஸபோன் கிளம்பும். நாகஸ்வரமும் அதற்குச் சுருதி பிடிக்கும் ஒத்தும் கேட்டு வளர்ந்த தஞ்சாவூர்க் காதுக்கு இது அந்நியமாகவே படாது.

மன்னார்குடிப் பக்கத்து நடவுப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பாட்டுக்காரி அடியை முடிக்கும் முன்பே வரிசையில் நிற்பவர்கள் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு குரலும் ஒரு நொடி ஒன்றன்மேல் ஒன்று விழும். உயிரே அந்த இடத்தில்தான். அங்கே கார்டை மாற்றினால் பிடி நழுவிவிடும். குலவை வேறு எப்போது எழும் என்று சொல்ல முடியாது. அதற்கு இடம் விடும் வழி கோல்ட்ரேனுடையதுதான். கணக்குப் போட்ட அரேஞ்ச்மென்ட் அங்கே எடுபடாது.

தாலாட்டு என்றால் நான் யோஹான்சன் பக்கம். ஒற்றைக் குரல், நீளும் இழுவை. அதற்கு டிரம்ஸே வேண்டாம்.