நுரைக்காத கார் வாஷ்: ஆப்டிமம் நோ ரின்ஸ் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

ஒரு வாளித் தண்ணீரில் இந்த நீலத் திரவத்தைக் கொஞ்சம் ஊற்றிக் கலக்குங்கள். நுரை எழாது. தண்ணீரில் லேசாக நீலம் தட்டும், அவ்வளவுதான். அலசத் தேவையில்லாத கார் கழுவும் திரவமான ஆப்டிமம் நோ ரின்ஸை முதன்முதலாக வாங்கியவர் சறுக்குவது இந்த இடத்தில்தான். "என்னடா இது, நுரையே காணோமே" என்று இன்னும் இரண்டு மூடி சேர்த்து ஊற்றுவார். கழுவி முடித்துப் பார்த்தால் பானட்டில் துடைத்த தடம் வரிவரியாகத் தெரியும், கண்ணாடி மங்கியிருக்கும், விரல் வைத்தால் பிசுபிசுக்கும். பழி பாட்டிலின் மேல் விழும்.

இதைச் சோப்பு என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். ஷாம்பு அழுக்கைப் பிரித்தெடுக்கும், பிறகு ஹோஸ் தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போகும். இங்கே ஹோஸே கிடையாது. தண்ணீரில் கரைந்துள்ள பாலிமர்கள் தூசுத் துகளைச் சூழ்ந்துகொண்டு பெயின்ட்டுக்கும் துகளுக்கும் நடுவே வழுக்கலைத் தருகின்றன. துணி அந்தத் துகளைத் தூக்கிக்கொள்கிறது. பெயின்ட்டில் தங்கும் ஈரத்தை அலச வேண்டாம், துடைத்தால் போதும். வழுக்கல் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பெயின்ட்டின் மேலுள்ள நிறமற்ற காப்புப் பூச்சான கிளியர் கோட்டின் தடிமன் பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரான் அளவுதான். தலைமுடி அதைவிடத் தடிமன். தெருப்புழுதியிலுள்ள மணல் துகளோ கிளியர் கோட்டைவிடக் கடினமானது. வெயிலில் கறுப்புக் காரைப் பார்த்தால் சிலந்தி வலை போல் தெரியும் சுழல் கீறல்களில் பெரும்பகுதி ஓட்டும்போது வந்ததல்ல, துடைக்கும்போது வந்தது.

அளவு விஷயத்தில் தயாரிப்பாளர் சொல்வது தெளிவு: 1-க்கு 256. அதாவது ஏழரை லிட்டர் தண்ணீருக்கு 30 மி.லி. சிறிய காருக்கு நான்கு லிட்டரும் 15 மி.லி.யும் போதும். 946 மி.லி. பாட்டிலை இந்தக் கணக்கில் செலவழித்தால் அறுபது வாஷ் தாண்டும். பாட்டில் மூடியை நம்பி அளக்காதீர்கள். இருமல் மருந்தோடு வரும் அளவுக் குப்பி ஒன்றை வாளிக்குள்ளேயே போட்டுவைத்தால் கை தவறாது. கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகச் சுத்தமாகும் என்பது இந்தத் திரவத்தில் செல்லாது, பாலிமர்தான் மேலே படிந்து நிற்கும்.

முறை என்று பார்த்தால், ஒரே ஸ்பாஞ்சை வாளியில் முக்கி முக்கித் துடைப்பதைவிடப் பல துணி முறை பாதுகாப்பானது. 40-க்கு 40 செ.மீ. அளவுள்ள, 350 முதல் 400 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) மைக்ரோஃபைபர் துணிகள் எட்டை எடுத்து எல்லாவற்றையும் வாளியில் ஊறவிடுங்கள். அதே கலவையைக் கை பம்ப் ஸ்ப்ரேயரிலும் ஒரு லிட்டர் நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஒரு கதவை எடுத்துக்கொள்வோம். முதலில் மேலிருந்து கீழாக நன்றாக நனையும்படி ஸ்ப்ரே. ஒன்றிரண்டு நிமிடம் கை வைக்காமல் விடுங்கள். புழுதி கரைந்து பழுப்பு நிறக் கோடுகளாகக் கீழே வழிவது கண்ணுக்குத் தெரியும். பலர் அவசரப்பட்டுத் தாண்டிவிடும் இந்த இரண்டு நிமிடம்தான் பெரிய துகள்களைத் தளர்த்துகிறது. பிறகு வாளியிலிருந்து ஒரு துணியை எடுத்து லேசாகப் பிழியுங்கள், சொட்டுவது நின்றால் போதும். இரண்டு முறை மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும். கைப்பிடிக்கு மேலுள்ள பகுதியை ஒரு பக்கத்தால், ஒரே நேர்க்கோட்டில், துணியின் எடை தவிர வேறு அழுத்தம் தராமல் இழுங்கள். துணியைத் திருப்பிப் பாருங்கள். பழுப்பு ஏறியிருந்தால் அந்தப் பக்கத்தின் வேலை முடிந்தது, அடுத்த பக்கத்துக்கு மடியுங்கள். கதவின் கீழ் மூன்றில் ஒரு பங்கைக் கடைசிக்கு விடுங்கள். டயர் தெறிக்கும் மணல் முழுக்க அங்கேதான் ஒட்டியிருக்கும். எட்டுப் பக்கமும் தீர்ந்த துணி திரும்ப வாளிக்குள் போகக் கூடாது, தனியாகப் போட்டுவிடுங்கள். இந்த ஒரு விதியை மீறினால் மற்றதெல்லாம் வீண்.

ஈரம் தானாகக் காய்வதற்கு முன் வேறொரு உலர்ந்த, தடிமனான துணியால் ஒற்றி எடுங்கள். அடுத்த கதவுக்கு அதன் பிறகுதான் போக வேண்டும். முழுக் காரையும் நனைத்துவிட்டுக் கடைசியில் துடைக்கலாம் என்ற கணக்கு இங்கே உதவாது. உப்புத் தண்ணீர் உள்ள இடங்களில் இது இன்னும் முக்கியம். காயும் சொட்டிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் வெள்ளை வட்டமாக நின்றுவிடும், சாதாரணத் துடைப்பில் போகாது.

வரிசை இப்படி வைத்துக்கொண்டால் எட்டுத் துணியும் கணக்காக முடியும்: ரூஃபுக்கு ஒன்று, பானட்டுக்கும் முன் கண்ணாடிக்கும் சேர்த்து ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாகக் கதவுகளின் மேல்பகுதிக்கு இரண்டு, டிக்கிக்கு ஒன்று, கீழ்ப்பகுதிகளுக்கு இரண்டு, முன் பம்பருக்கு ஒன்று. சக்கரத்துக்குப் பழைய துணி. சக்கரம் துடைத்தது பெயின்ட் பக்கமே வரக் கூடாது.

இதே நிறுவனம் விற்கும், பிளவுகள் வெட்டிய சிவப்பு ஸ்பாஞ்சுக்கு ஒரு ரசிகர் கூட்டமே உண்டு. வாரம் தவறாமல் கழுவும், லேசான தூசு மட்டும் படியும் காருக்கு அது வேலையைச் சுருக்குகிறது. மறுப்பில்லை. ஆனால் ஸ்பாஞ்ச் வாளிக்குத் திரும்பத் திரும்பப் போகிறது. வாளியின் அடியில் மணல் தடுப்புத் தட்டு இல்லாவிட்டால் படிந்த மண்ணையே மறுபடி அள்ளிக்கொண்டு வரும். குஞ்சம் தொங்கும் கையுறை வகையோ இந்தத் திரவத்துக்குச் சரிப்படாது. குஞ்சங்களுக்குள் சிக்கிய துகளை உதற ஷாம்பு வாஷிலாவது ஹோஸ் இருக்கிறது.

இனி இதன் எல்லைகள். சேறு அப்பிய காரை இதை வைத்துத் தொடாதீர்கள். கையால் தடவினால் நறநறவென்று தெரியும் அளவுக்கு மணல் இருந்தால் முதலில் பிரஷர் வாஷரிலோ ஹோஸிலோ அடித்து இறக்கியாக வேண்டும், அதன் பிறகு இது. எந்தப் பாலிமரும் அரை மில்லிமீட்டர் கல்லை வழுக்கவைக்காது. வெயிலில் நின்ற காரும் அப்படியே: பானட்டில் கை வைக்க முடியாத சூட்டில் ஸ்ப்ரே செய்தால் அடித்த இடத்திலேயே காய்ந்து திட்டுத்திட்டாக நிற்கும். அப்படி ஆகிவிட்டால் அழுத்தித் தேய்க்க வேண்டாம். நிழலுக்குக் கொண்டுபோய், சூடு தணிந்ததும், அதே கலவையில் நனைத்த துணியால் மறுபடி துடைத்தால் போய்விடும்.

பறவை எச்சம் காய்ந்திருந்தால் நனைத்த துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டுவைத்துத் தூக்குங்கள், சுரண்டாதீர்கள். எச்சம் கிளியர் கோட்டை அரித்த தடம் ஏற்கெனவே விழுந்திருந்தால் அதற்கு மருந்து பாலிஷ்தான். தார்ப் புள்ளிகளைக் கரைக்க இதில் கரைப்பான் இல்லை, அதற்கென்று உள்ள தார் ரிமூவரை வாங்குங்கள். பிரேக்கிலிருந்து தெறித்துப் பெயின்ட்டில் குத்திய இரும்புத் துகளுக்கும் இது எட்டாது. கழுவிய பிறகும் விரல் நுனிக்குச் சொரசொரப்பாக இருந்தால், ஊதா நிறமாக மாறும் அயர்ன் ரிமூவர் போட்டு அலசி, பிறகு கிளே, அதாவது பெயின்ட்டில் குத்திய துகளைப் பிடித்திழுக்கும் களிமண் போன்ற கட்டி. வெள்ளைக் காரில் ஆரஞ்சு நிறப் பொட்டுகளாகத் தெரிவதும் பெரும்பாலும் இந்த இரும்புதான்.

கிளே பற்றிப் பேசும்போது, இந்தப் பாட்டில் நிஜமாகவே லாபம் தரும் இடம் அதுதான். 1-க்கு 64 விகிதத்தில், அதாவது லிட்டருக்குச் சுமார் 16 மி.லி. கலந்தால் தனியாக விற்கும் கிளே லூப்ரிகன்ட்டுகளுக்குக் குறையாத வழுக்கல் கிடைக்கிறது. கிளே துண்டு சத்தமில்லாமல் நழுவ வேண்டும். தடுக்கினால் இன்னும் ஸ்ப்ரே அடியுங்கள். கீழே விழுந்த கிளேயை, மனசு வராவிட்டாலும், தூக்கிப் போடுங்கள். 1-க்கு 16, லிட்டருக்குச் சுமார் 60 மி.லி. என்பது குயிக் டீட்டெய்லர், அதாவது கழுவாமல் அடித்துத் துடைக்கும் ஸ்ப்ரேயாகப் பயன்படுத்தும் அளவு. கைரேகை, லேசான தூசுக்கு ஆகும். ஆனால் அந்த அடர்த்தியில் கறுப்புப் பெயின்ட்டில் தடம் விடுகிறது, அதற்கென்றே செய்த டீட்டெய்லர்கள் இதைவிடச் சுத்தமாக விலகிப்போகின்றன. இந்த இடத்தில் மதிப்பெண் குறைவுதான்.

பெயின்ட் பாதுகாப்பு என்று கேட்டால், இருக்கும் வாக்ஸையோ, செயற்கைப் பாதுகாப்புப் பூச்சான சீலன்ட்டையோ இது உரித்தெடுக்காது. அந்த மட்டில் நல்லது. கழுவியதும் ஒரு மினுமினுப்பு வரும், தொட்டால் வழவழப்பாக இருக்கும். அதைப் பாதுகாப்பு என்று நம்பி வாக்ஸ் போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். செராமிக் கோட்டிங் உள்ள காரில் வேறொரு சங்கடம். தொடர்ந்து இதிலேயே கழுவினால் தண்ணீர் முத்துமுத்தாக உருளுவது மந்தமாகலாம். கோட்டிங் செத்துவிட்டது என்று பதறவேண்டாம். மேலே மெல்லிய படலம் மூடியிருக்கிறது, அவ்வளவே. சில மாதத்துக்கு ஒருமுறை, வாக்ஸ் சேர்க்காத சாதா ஷாம்புவில் நன்றாக அலசிக் கழுவினால் பழையபடி உருளும். கார்னாபா வாக்ஸ் கலந்த பச்சை வகையும் இதே பெயரில் கிடைக்கிறது. கோட்டிங் போட்ட காருக்கும் மேட் பெயின்ட்டுக்கும் அதை எடுக்காதீர்கள், நீலமே சரி.

உட்புறத்துக்கும் இதே வாளி ஆகும், வெளிப்புறத்தைத் தொடும் முன்பே உட்புறத்தை முடித்துவிட்டால். டேஷ்போர்டு, கதவுப் பலகை, சென்டர் கன்சோல் எல்லாம் 1-க்கு 256 கலவையில் நன்றாகப் பிழிந்த துணிக்கு அடங்குகின்றன. பளபளப்போ எண்ணெய்ப்பசையோ விடாமல் புதிதில் இருந்த மங்கலான நிறத்துக்கே திரும்புவது இதன் பெரிய குணம். சிலிக்கான் டிரெஸ்ஸிங் பூசிய டேஷ்போர்டு முன் கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசவைக்கும், இதில் அந்தத் தொல்லை இல்லை. கியர் லீவரைச் சுற்றியுள்ள பளபளக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். பெயின்ட்டைவிட எளிதில் அதில் கீறல் விழும். மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டு, ஈரத்துணியால் ஒரே இழுப்பு. டேஷ்போர்டு டிஸ்ப்ளே திரையின் மேல் நேராக ஸ்ப்ரே அடிக்க வேண்டாம், ஓரத்தில் இறங்கிய ஈரம் உள்ளே போகும். துணியில் அடித்துத் துடையுங்கள். ரூஃப் லைனிங்கை நனைக்கவே கூடாது. உள்ளே ஒட்டிய பசை விட்டுத் துணி தொங்கிவிடும்.

வியர்வையும் எண்ணெய்ப்பசையும் ஏறிக் கறுத்த ஸ்டீயரிங்கில் இது தோற்கிறது. அங்கே பத்து மடங்கு நீர்த்த ஆல் பர்ப்பஸ் கிளீனரும் மென்மையான பிரஷ்ஷும் வேண்டும், பிறகு வெறும் ஈரத்துணியால் இரண்டு முறை துடைக்க வேண்டும். துணி சீட்டில் ஊறிய டீக் கறைக்கும் இதை நம்பாதீர்கள். உறிஞ்சி எடுக்கும் கருவி இல்லாமல் நனைத்தால் கறை விளிம்பு விரிந்து பெரிய வட்டமாகும். கண்ணாடியின் உட்புறத்துக்கு வெறும் தண்ணீரே இதைவிட மேல்.

ஸ்ப்ரேயரில் மிச்சமான கலவையை மாதக்கணக்கில் வைத்தால் குழாய்த் தண்ணீர் நாற்றமெடுக்கும். சேர்த்துவைக்கிற பழக்கமிருந்தால் டிஸ்டில்ட் வாட்டரில் கலக்குங்கள், இல்லையேல் அன்றே தீர்த்துவிடுங்கள். துணிகளைத் திரவ டிடர்ஜென்டில், மற்ற பருத்தித் துணிகளோடு சேர்க்காமல் துவையுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் ஒரு சொட்டுகூட வேண்டாம், இழைகளின் மேல் படிந்து தண்ணீர் உறிஞ்சாமல் செய்துவிடும். அதிகச் சூட்டில் உலர்த்தினால் இழை நுனி உருகிக் கட்டியாகும், கொடியில் நிழலில் போட்டால் போதும். புதுத் துணியின் ஓரத்தில் தைத்த லேபிளை முதல் வேலையாகக் கத்தரித்துவிடுங்கள். எல்லாம் சரியாகச் செய்தும் மெல்லிய கீறல் வருகிறது என்றால் பல நேரம் அந்த அரை அங்குல லேபிள்தான் காரணம்.